எம்ஆர்ஐ ஊசி: நாற்பது ஆண்டுக் கேள்வியும் மலாக்கா நோயாளியும்

ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுக்கவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி படத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. அந்த ஊசி கிட்னியை அடிக்குமா என்பதுதான் அது. மருத்துவ உலகமும் இதற்கு ஒரே விடையில் நின்றதில்லை. 1980களின் இறுதியில் பயமே வேண்டாம் என்றது. 2006க்குப் பிறகு கிட்னி பழுதானவர்களுக்குக் கூடாது என்றது. இன்று எந்த ஊசி, யாருக்கு, எத்தனை முறை என்று திருப்பிக் கேட்கிறது. மூன்று விடைகளும் இன்னமும் ஒருசேரப் புழங்குவதுதான் குழப்பத்தின் வேர். ஒரே நோயாளியிடம் உறவினர் ஒன்று சொல்வார், மருந்தாளர் ஒன்று சொல்வார், கதிரியல் நிபுணர் வேறொன்று சொல்வார். மூவரும் ஏதோ ஓர் ஆண்டில் சரியாக இருந்த விடையைத்தான் சொல்கிறார்கள்.

மலாக்காவில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ரப்பர் தோட்ட முன்னோடி டான் சே யான் 1896இல் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. இப்படித் திறந்த தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மலாக்கா நகர்ப்புறம் என்று பரவி வாழ்கிறார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கொடுத்த மருந்தோடு வைத்தியம் முடிந்த காலம் போய்விட்டது. சுகாதார கிளினிக்கில் இனிப்புநீருக்கு மாத்திரை, மலாக்கா அரசு மருத்துவமனையில் நிபுணர், காத்திருக்க முடியாதபோது நகரத்துத் தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் என்று ஒருவரின் மருத்துவம் பல கட்டடங்களில் நடக்கிறது. ஊசியின் ஆபத்தைப் பேசும்போது இந்தச் சிதறலையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஊசிக்குள் இருப்பது

எம்ஆர்ஐக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தின் உயிர்நாடி கடோலினியம் என்ற அரிய மண் உலோகம். கெபெங் லைனாஸ் ஆலைச் சர்ச்சைக்குப் பிறகு அரிய மண் என்றாலே மலேசியர்களுக்குக் கதிரியக்கம் நினைவுக்கு வருவது இயல்புதான். இந்த ஊசி கதிரியக்க மருந்து அல்ல. எம்ஆர்ஐ இயந்திரத்திலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கடோலினிய அயனியில் ஜோடி சேராத 7 எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் காந்த நிலையை விரைவாகத் தணியச் செய்வதால், மருந்து போய்ச் சேர்ந்த திசு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. மூளைக்கட்டி, கிருமித்தொற்று, முதுகுத்தண்டு வீக்கம் போன்றவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் இதற்கு ஈடான மாற்று பல சமயங்களில் இல்லை.

சிக்கலும் அதே அயனியில்தான். அதன் அளவு கால்சிய அயனிக்கு நெருக்கமானது. தனியாக இரத்தத்தில் அலைந்தால் நரம்பும் தசையும் கால்சியத்தைக் கையாளும் வழிகளை அது அடைத்துவிடும். ஆகவே ஒரு கரிம மூலக்கூறால் கூண்டு கட்டி, உலோகத்தை அதற்குள் பூட்டிச் செலுத்துகிறார்கள். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு மருந்தின் செறிவைப் பொறுத்து 12 அல்லது 6 மில்லிலிட்டர் ஏறும். அதில் உலோகம் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிராம். கிட்னி நன்றாக இருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். கிட்னி செயலிழந்தவருக்கு அந்தப் பாதி வெளியேறவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். பின்னால் வந்த துன்பங்கள் பலவற்றுக்கும் இந்த நேர வித்தியாசமே அடிப்படை.

முதல் விடை: இது சாது

பெர்லினின் ஷெரிங் நிறுவனம் உருவாக்கிய மேக்னவிஸ்ட் 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அப்போது ஒப்பீட்டுக்கு நின்றது சிடி ஸ்கேனுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் போடும் அயோடின் மருந்து. அது கிட்னியைக் கெடுக்கும் என்ற அச்சம் மருத்துவர்களிடம் ஆழமாக ஊறியிருந்தது. கடோலினிய மருந்தில் ஒவ்வாமை குறைவு, போடும் அளவும் குறைவு, கிட்னி அளவீடுகளும் பெரிதாக மாறவில்லை. சாது என்ற பெயர் விரைவிலேயே நிலைத்துவிட்டது.

இந்த நற்பெயரின் பலவீனம், அது யாருக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்பதில் இருந்தது. அயோடினுக்குப் பயந்து கிட்னி நோயாளிகளைத்தான் முதலில் எம்ஆர்ஐ பக்கம் அனுப்பினார்கள். இரத்தக்குழாய்ப் படம் தெளிவாக வர இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மருந்தும் கொடுத்தார்கள். உடலைவிட்டு மருந்தை வெளியேற்ற முடியாதவர்களுக்கே அதிக அளவு போய்ச் சேர்ந்தது. கெட்ட எண்ணமோ கவனக்குறைவோ இதில் இல்லை. ஓர் ஆபத்தைத் தவிர்க்க எடுத்த நியாயமான முடிவுதான் இன்னொன்றுக்கு வாசல் திறந்தது. மருத்துவ வரலாற்றில் இது புதிதும் அல்ல.

2006: தோல் இறுகியவர்கள்

1997இல் கலிஃபோர்னியாவில் சில டயாலிசிஸ் நோயாளிகளின் கைகால் தோல் தடித்து, இறுகி, மரக்கட்டை போலாவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2000ஆம் ஆண்டில் 15 சிறுநீரக நோயாளிகளைப் பற்றிய குறிப்பு லான்செட் இதழில் வந்தது. முழங்கால், முழங்கை, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். நடந்தவர் சக்கர நாற்காலிக்குப் போவார். சிலருக்கு நுரையீரலும் இதயமும்கூடத் தப்பவில்லை. நிச்சயமான சிகிச்சை இல்லை. நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக என்எஸ்எஃப், என்று பின்னர் அழைக்கப்பட்ட இந்நோய்க்குக் காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை.

ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட் நகர மருத்துவர் தாமஸ் குரோப்னர் 2006இல் நூலைப் பிடித்தார். கடோலினிய ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்த அவருடைய 9 சிறுநீரக நோயாளிகளில் 5 பேருக்கு இந்நோய் வந்திருந்தது. அதே ஆண்டில் டென்மார்க்கிலிருந்து 13 நோயாளிகளின் விவரம் வெளியானது. அத்தனை பேருக்கும் கடோடயமைடு என்ற ஒரே மருந்து போயிருந்தது. சிறிய தகவல் ஒன்றை இங்கே நிறுத்திப் பார்ப்பது நல்லது. குரோப்னரின் முதல் கட்டுரையில் வேறொரு கடோலினிய மருந்தின் பெயர் அச்சாகி, பிறகு திருத்தம் வந்தது. எந்த மூலக்கூறு ஏறியது என்பதைச் சரியாகப் பதிவதன் அருமை அந்த முதல் கட்டுரையிலேயே தெரிந்துவிட்டது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007இல் எல்லாக் கடோலினிய மருந்துகளுக்கும் கடும் எச்சரிக்கை இணைக்கச் சொன்னது. 2010இல் அவற்றில் மூன்றைத் தீவிரக் கிட்னி பாதிப்புள்ளவர்களுக்குப் போடவே கூடாது என்றது. கிட்னியின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் ஊசி இல்லை என்ற விதி உலகெங்கும் பரவியது. புதிய நோயாளிகள் தோன்றுவது ஏறக்குறைய நின்றேவிட்டது. ஒரு மருந்தின் பக்கவிளைவு இவ்வளவு விரைவாக அடையாளம் காணப்பட்டு அடக்கப்பட்டது அபூர்வம்தான். ஆனால் வெற்றிக்கு எது காரணம், விதியா அல்லது மருந்து மாறியதா என்பது அப்போது தெளிவாகவில்லை.

எல்லா ஊசியும் ஒரே ஊசி அல்ல

கூண்டுகள் இரண்டு வகை. ஒன்று நீள்வடிவம், உலோகத்தைச் சுற்றி வளைந்திருக்கும், முனைகள் திறந்தே இருக்கும். மற்றது முழு வளையம். 2008இல் ஃபிரென்ஸல் குழுவினர் இம்மருந்துகளை 37 பாகை வெப்பத்தில் மனித இரத்தநீரில் 15 நாள் வைத்துப் பார்த்தார்கள். மின்சுமை இல்லாத நீள்வடிவ மருந்துகள் ஏறத்தாழ 20 விழுக்காடு கடோலினியத்தை விட்டுவிட்டன. மின்சுமை உள்ள நீள்வடிவ மருந்துகள் 2 விழுக்காடு அளவில் விட்டன. வளைய வகையிலிருந்து வெளிவந்தது 0.1 விழுக்காட்டையும் எட்டவில்லை. என்எஸ்எஃப் நோயாளிகளின் பட்டியலும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் அமைந்தது.

இந்தத் தளர்ச்சி ஆய்வுக்கூடத்திலும் வேடிக்கை காட்டியது. கடோடயமைடு, கடோவெர்செட்டமைடு ஆகிய இரண்டும் உடலில் இருக்கும்போது சில நிறமாற்றச் சோதனைகள் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவு குறைந்ததாகப் பொய் சொல்லும். நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது; தாள் மட்டும் பயமுறுத்தும். தெரியாத மருத்துவர் தேவையில்லாமல் கால்சியம் ஏற்றக்கூடும்.

மூன்றாவது விடை இங்கிருந்துதான் பிறந்தது. உலோகத்தை எளிதில் விடாத நிலையான மருந்துகளைப் பெற்ற தீவிரக் கிட்னி நோயாளிகள் 4,931 பேரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வூலன் குழுவினர் பார்த்தபோது ஒருவருக்குக்கூட என்எஸ்எஃப் வரவில்லை. கணக்குப்படி ஆபத்தின் மேல்வரம்பு 0.07 விழுக்காடு. அதையொட்டி அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் 2021இல் கூட்டாக ஒரு நிலைப்பாட்டுக்கு வந்தன: இவ்வகை மருந்துகளுக்கு முன்கூட்டியே கிட்னிச் சோதனை கட்டாயம் இல்லை, அவசியமான எம்ஆர்ஐயைக் கிட்னி காரணமாக மறுக்கவும் கூடாது. டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமான டயாலிசிஸ் நேரத்துக்குச் சற்றுமுன் ஸ்கேனை வைத்துக்கொள்வது நல்லது. முதல் சுற்றிலேயே மருந்தின் பெரும்பகுதி போய்விடும். மூன்று நான்கு சுற்றுகளில் அநேகமாக முழுவதும் நீங்கும். வயிற்றுவழி டயாலிசிஸ் இந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

மூளையில் தங்கிய மிச்சம்

கிட்னிக் கேள்வி அடங்கும் நேரத்தில் இன்னொன்று எழுந்தது. ஜப்பானின் தோமோனோரி காண்டா குழுவினர் 2014இல், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் இரண்டு ஆழ்பகுதிகள் ஊசி போடாத படத்திலும் வெளுப்பாகத் தெரிவதைக் காட்டினார்கள். மறு ஆண்டு மாயோ கிளினிக் ஆய்வாளர்கள், குறைந்தது நான்கு முறை ஊசி பெற்ற 13 பேரின் மூளையை இறப்புக்குப் பின் சோதித்து, அங்கே உலோகம் இருப்பதை உறுதிசெய்தார்கள். இவர்களுக்கு வந்தது என்எஸ்எஃப் அல்ல; மிச்சம் தங்குவதற்குக் கிட்னி பழுதாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று தெரிந்தது. எலும்பிலும் தோலிலும்கூட மிச்சம் உண்டு. வளைய வகை மிகக் குறைவாக விட்டுச்செல்கிறது. அறவே விடுவதில்லை என்று சொல்ல முடியாது.

ஒரே சான்றை வைத்து இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் இருவேறு முடிவுக்குப் போனதுதான் இந்த விவாதத்தின் சுவையான பகுதி. ஐரோப்பா 2017இல் நரம்புவழி செலுத்தும் கடோடயமைடு, கடோவெர்செட்டமைடு, கடோபென்டெட்டேட் ஆகியவற்றை நிறுத்திவைத்தது. வேறு இரண்டு நீள்வடிவ மருந்துகளைக் கல்லீரல் படத்துக்கு மட்டும் அனுமதித்தது. தீங்கு நிரூபணமாகும்வரை காத்திருப்பானேன், மாற்று கையில் இருக்கிறதே என்பது அதன் வாதம். அமெரிக்கா எதையும் நிறுத்தவில்லை. கிட்னி சரியாக உள்ளவர்களுக்கு இந்த மிச்சத்தால் நேரடிக் கேடு எதுவும் நிறுவப்படவில்லை என்று சொல்லி, நோயாளி கையில் தகவல் தாள் கொடுக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. முன்னதில் அறியாததற்கு அஞ்சும் எச்சரிக்கை. பின்னதில் அறிந்ததோடு நிற்கும் ஒழுங்கு. நல்ல மாற்று மருந்து சந்தையில் இருக்கும் வரை ஐரோப்பிய வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது.

ஊசிக்குப் பிறகு எலும்புவலி, தோல் எரிச்சல், மூளைமந்தம் வந்ததாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு. நடிகர் சக் நோரிஸும் மனைவியும் 2017இல் இது தொடர்பாகத் தொடுத்த வழக்கால் உலகத்தின் கவனம் திரும்பியது. 2020இல் அவ்வழக்கு கைவிடப்பட்டது. இவ்வகை அறிகுறிகளைக் கடோலினியப் படிவு நோய் என்று பெயரிட்டுச் சிலர் ஏற்கிறார்கள், பலர் தயங்குகிறார்கள். அறிகுறிகள் பொதுவானவை, வேறு காரணங்களாலும் வரக்கூடியவை என்பது தயக்கத்தின் காரணம். ஒன்டாரியோவில் கடோலினிய ஊசி பெற்ற ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பெறாதவர்களோடு ஒப்பிட்ட 2016 ஆய்வில் பார்க்கின்சன் வகை நடுக்கம் கூடுதலாக இல்லை. ஆனால் முன்சொன்ன நோயாளிகள் கூறும் வலியை அந்த ஆய்வு தேடவே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நிலைமை வேறு. ஒன்டாரியோவின் இன்னொரு பெரிய ஆய்வு, ஊசியில்லாத எம்ஆர்ஐயில் முதல் மூன்று மாதத்திலும் ஆபத்து கூடியதாகக் காணவில்லை. ஊசி போட்டவர்களின் குழந்தைகளிடம் சில தோல், மூட்டு அழற்சிகள் சற்று அதிகம் என்றது. தவிர்க்கவே முடியாத நிலை தவிர, கர்ப்பகாலத்தில் ஊசி வேண்டாம் என்பதே பொதுக் கருத்து. பாலூட்டும் தாய்க்கு அந்தத் தடை இல்லை. பாலில் கலப்பது கொடுத்த அளவில் 0.04 விழுக்காட்டுக்கும் கீழே. குழந்தையின் குடல் அதிலும் சொற்பமே ஏற்கும்.

இரண்டு மருந்து, ஒரே பயம்

சிடி ஸ்கேனின் அயோடின் மருந்தும் எம்ஆர்ஐயின் கடோலினிய மருந்தும் பேச்சில் ஒன்றாகிவிடுவது வீட்டிலும் கிளினிக்கிலும் நடக்கிறது. உடனடி ஒவ்வாமை இரண்டிலும் வரலாம். கடோலினியத்தில் அது அரிது. உயிருக்கு ஆபத்தான நிலை பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போவதில்லை என்பது பொதுவான மதிப்பீடு. கடலுணவு ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்குகிறார்கள். இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாமல் போவது அவற்றின் புரதத்தால். அயோடினால் அல்ல, கடோலினியத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

மெட்ஃபார்மின் மாத்திரை இன்னொன்று. கிட்னி மிகவும் தளர்ந்தவருக்கு அயோடின் ஊசி போடும்போது அதை நிறுத்தி வைக்கச் சொல்வது உண்டு. அதே விதியை எம்ஆர்ஐக்கும் எடுத்துவந்து, இனிப்புநீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான கடோலினிய அளவுக்கு அது தேவையில்லை.

மலாக்காவின் கிட்னிகள்

உலகத் தரவுகள் எல்லாம் நோயாளியின் கிட்னி நிலை தெரிந்திருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கின்றன. மலேசியாவில் அந்த அனுமானம் ஆட்டம் காண்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணமும் இனிப்புநீர்தான். தீபகற்பத்தில் 2011இல் 9 விழுக்காடாக மதிப்பிடப்பட்ட நாட்பட்ட கிட்னி நோய், 2018இல் நாடு தழுவிய ஆய்வில் 15.5 விழுக்காடாக இருந்தது. அவ்வாய்வில் கிட்னி நோய் உள்ளவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே தமக்கு அது இருப்பது தெரிந்திருந்தது.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கிட்னி நோய் உண்டா என்ற கட்டத்தில், மெர்லிமாவிலிருந்து மகனோடு வந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி உண்மையாகவே ‘இல்லை’ என்பார். இருபதில் ஒருவருக்கே தெரிந்த நோயைப் பற்றிய கேள்வி அது. வாய்மொழிக் கேள்வியைச் சல்லடையாக நம்பும் வழக்கம் இங்கே மெலிந்துபோகிறது. ஏறும் மருந்து வளைய வகையாக இருந்தால் அந்த மெலிவால் பெரிய நட்டம் இல்லை. வேறு வகையாக இருந்தால் நட்டம் இருக்கிறது. சோதனை கட்டாயமில்லை என்ற 2021 நிலைப்பாடு மருந்தின் வகையைச் சார்ந்தது; மருந்தை விட்டுவிட்டு அந்த முடிவை மட்டும் இங்கே கொண்டுவருவது தவறாகிவிடும்.

எதிர்த் தவறும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிட்னி சுமாராக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தேவையான ஊசியை மறுத்தால், முதுகெலும்புத் தொற்றோ மூளைக்கட்டியோ தாமதமாகவே தெரியவரும். 2006இன் அச்சத்தில் உறைந்துபோன விதியால் இன்று கெடுபவர்கள், என்எஸ்எஃப் வருபவர்களைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

மலேசியாவில் பதிவான ஒவ்வொரு மருந்துக்கும் மால் என்று தொடங்கும் பதிவெண் உண்டு. பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் புகார் அனுப்பலாம். தோல் இறுக்கம் ஊசிக்குச் சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நோயாளி தனியாரிலிருந்து அரசு மருத்துவமனைக்கோ, மலாக்காவிலிருந்து மகள் இருக்கும் ஜொகூருக்கோ போயிருப்பார். ஸ்கேன் அறிக்கையில் ‘கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மருந்தின் பெயரும் மில்லிலிட்டரும் நோயாளியின் மருத்துவ அட்டையில் ஏறுவது செலவில்லாத காரியம்.

ஊசியே இல்லாமல்

ஆபத்தைச் சுற்றிப் போகும் வழிகளும் வளர்கின்றன. பக்கவாதத்தைக் காட்டும் பரவல் படத்துக்கும், இரத்த ஓட்டத்தையே அடையாளமாக்கும் சில ஆஞ்சியோ முறைகளுக்கும் ஊசி தேவையில்லை. மூட்டு, முதுகுத் தட்டு விலகல் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. பித்தநாளப் படத்துக்குச் சில இடங்களில் அன்னாசிச் சாறு குடிக்கக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள மாங்கனீசு குடல்நீரின் வெளிச்சத்தை அடக்கி நாளங்களைத் தெளிவாக்குகிறது. ஜொகூர் அன்னாசிக்கு இப்படியும் ஒரு வேலை. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கடோபிக்லனால் வளைய வகையைச் சேர்ந்தது. பாதி அளவே போதும் என்பது அதன் சிறப்பு.

தீராத பகுதிகள்

கடுமையான கிட்னி பாதிப்பு, தளர்ந்த வகை மருந்து, அதிக அளவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆபத்து மெய்யானது என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. வளைய வகை மருந்தால் கிட்னி நோயாளிக்கு என்எஸ்எஃப் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதும் ஏறக்குறைய தீர்ந்த விஷயம். மூளையில் தங்கும் மிச்சம் முப்பது, நாற்பது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதற்குக் காலம்தான் சான்று தர வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளும் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளும் வாழ்நாளில் பத்து, இருபது ஊசிகள் பெறுகிறார்கள். அவர்களுக்கான பதில் 2017இல் இருந்ததைவிட அதிகம் நகரவில்லை.

இக்கட்டுரை எடுத்துப் பேசிய ஊசித் தரவுகள் டென்மார்க், ஆஸ்திரியா, ஜப்பான், ஒன்டாரியோ, அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தவை. இனிப்புநீர் இருபது ஆண்டாக ஊறிய உடலில், பாதி செயலிழந்த கிட்னியோடு, வளைய வகை மருந்து பலமுறை ஏறும்போது எலும்பில் எவ்வளவு தங்குகிறது என்ற கேள்விக்கு அவை மேலோட்டமாகவே விடை தருகின்றன. டயாலிசிஸ் பதிவேட்டை 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் நாடு மலேசியா. அப்பதிவேட்டோடு எம்ஆர்ஐ ஊசியின் பெயரையும் அளவையும் இணைத்தால், அந்த விடையின் ஒரு பகுதி இங்கிருந்தே கிடைக்க வாய்ப்பு உண்டு.